மஞ்ச ரூமுக்கு ஆயுத பூஜை

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? கத்திட்டுப் போனது என் தங்கச்சிதான். கூடப் பொறந்தவ, ராதாமணின்னு பேரு. இந்த ஆள உள்ள விடாதீங்க, எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே வரக் கூடாதுன்னு நர்ஸ்கிட்ட அவ கை காட்டினது என்னைத்தான். ஆஸ்பத்திரியே திரும்பிப் பாத்துச்சு. நான் என்ன குடிச்சிட்டு வந்து தகராறு பண்ணுனவனா? உள்ள படுத்திருக்கறவன் அவ புருஷன், எனக்கு மாப்ள. நானே அலஞ்சு தேடிப் பாத்துக் கட்டி வெச்ச மாப்ள. அவனுக்கு மூச்சுத் திணறல், ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க. நான் இங்க பெஞ்சுல உக்காந்திருக்கேன்.

நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? அம்மாவுக்கா? சுகர் கொறஞ்சு மயங்கிட்டாங்களா? குளுக்கோஸ் ஏறினா எந்திரிச்சு உக்காந்துடுவாங்க, பயப்படாதீங்க. பாத்தேன், எங்க மாப்ளைக்கு அடுத்த கட்டில்தான். எனக்குத்தான் ஒரு எடத்துல உக்கார முடியல. பேசாமலும் இருக்க முடியல, அதான் உங்ககிட்ட பேசறேன். தப்பா நெனச்சுக்காதீங்க.

என் பேரு நஞ்சப்பன். ஓசூர்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். பெருசா நெனச்சுடாதீங்க, தொழிற்பேட்டையில கடைசிச் சந்துல இருக்கற சின்ன கம்பெனி. கழிச்சுப் போட்ட சாமான்லேருந்து பிளாட்டினம் எடுக்கறதுதான் வேல. ஆமாம், நகைக்கடையில விக்கறாங்களே, அதேதான். காருல பொக போற குழாய்க்குள்ள ஒரு கல்லு இருக்கும், தேன்கூடு மாதிரி ஓட்ட ஓட்டயா. அதுல கண்ணுக்குத் தெரியாம பிளாட்டினம் பூசியிருப்பாங்க. அத இடிச்சு, ஆசிட்ல கரைச்சு, வடிகட்டி, அந்தத் தண்ணியில நவச்சாரம் போட்டா அடியில மஞ்சளா ஒரு உப்பு எறங்கும். அந்த உப்பக் காயவெச்சு ஒலையில போட்டுச் சுட்டா பிளாட்டினம் வந்துடும். உப்பு காயற எடத்துக்கு நாங்க மஞ்ச ரூம்னு பேரு வெச்சிருக்கோம். உப்போட நெசப் பேரு மத்தவங்க வாயில நொழையாது. நான் மட்டும் கடகடன்னு சொல்லுவேன். அந்த ரூம்லயே பாதி வயசு போயிடுச்சே.

இத எதுக்குச் சொல்றேன்னா, அந்த உப்பாலதான் இவனுக்கு இப்படி ஆச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அப்படி நெனைக்கல. சொல்லுங்க, ஒரே ரூம்ல ரெண்டு பேரு வேல பாத்தோம். எனக்கு என்ன ஆச்சு? காலைல கொஞ்சம் இருமல் வரும், அது பீடியால வர்றது. கண்ணு அரிக்கும், அது வயசு. வேற என்ன? கல்லு மாதிரி இருக்கேன்.

எங்க கம்பெனிக்கு ஜெசிந்தா மேடம்னு ஒருத்தங்க பாதுகாப்பு ஆபீசரா வந்தாங்க. சின்ன வயசுதான், என் பொண்ணு வயசு இருக்கும். வந்ததும் மொத வேலையா கெமிக்கல் டப்பா ஒவ்வொண்ணு மேலயும் படம் ஒட்டுனாங்க. ஒண்ணு மண்ட ஓடு. ஒண்ணு கை மேல ஆசிட் ஊத்தற படம். இன்னொண்ணுல ஒரு ஆளு, நெஞ்சுக்குள்ள நட்சத்திரம் வெடிச்ச மாதிரி. அவனுக்கு நாங்க நெஞ்சு வெடிச்சவன்னு பேரு வெச்சுட்டோம். எங்க எல்லாரையும் உக்கார வெச்சு, இதுல எது ரொம்ப ஆபத்துன்னு கேட்டாங்க. ஒரே குரல்ல மண்ட ஓடுன்னு சொன்னோம். அந்தம்மா இல்லன்னுட்டாங்க. மண்ட ஓடு முழுங்கினாத்தான், நீங்க யாரும் அள்ளித் திங்கப் போறதில்ல. ஆசிட் படம் கண்ணுல பட்டாத்தான், அதுக்குக் கண்ணாடி போட்டுக்கறீங்க. நீங்க பயப்பட வேண்டியது இவனுக்குத்தான்னு அந்த நெஞ்சு வெடிச்சவனத் தொட்டுக் காட்டினாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

அவங்க சொன்ன கணக்கு என்னன்னா, பிளாட்டினம் ஒண்ணும் பண்ணாது, மோதிரமாப் போட்டுக்கிட்டு ஆயுசுக்கும் இருக்கலாம். உப்பா இருக்கும்போதுதான் வில்லங்கம். நாத்தம் இருக்காது, எரியாது, மூச்சுல போனாலும் அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒடம்பு அத அடையாளம் பாத்து வெச்சுக்கும். ஒரு தடவ வெச்சுக்கிச்சுன்னா அப்புறம் மறக்கவே மறக்காது. அதுக்கப்புறம் கண்ணுக்குத் தெரியாத துளி போதும், துணி மடிப்புல இருக்கறது போதும், மூச்சு அடைச்சுக்கும். எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, அதனால எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கணும். இதான் பாடம்.

எங்க சித்தி ஒருத்தி இருந்தா. ஒரு கல்யாணப் பந்தியில அவ எலைக்கு மட்டும் பாயாசம் விட்டுப்போச்சு. சாகற வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் போனாலே அவளுக்கு மூஞ்சி செவந்துடும். ஒடம்புக்கும் அந்த மாதிரி ஞாபகமா மேடம்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. மேடமும் சிரிச்சாங்க. அதேதான், நல்லா புரிஞ்சுக்கிட்டீங்கன்னு என்னைப் பாராட்டுனாங்க. அன்னைக்கு நான் கிண்டலுக்குச் சொன்னது.

அப்புறம் சட்டம் மேல சட்டம். மாஸ்க் இல்லாம கதவத் தொறக்கக் கூடாது. உப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள கை விட்டுத்தான் தொடணும். தரைய ஈரத்துணியில தொடைக்கணும், இல்லன்னா அதுக்குன்னு வாங்கின உறிஞ்சற மெஷின் போடணும், தொடப்பம் கூடவே கூடாது. வேல முடிஞ்சதும் குளிக்கணும், உள்ள போட்ட துணி வெளிய வரக் கூடாது. வருஷா வருஷம் கையில அந்த உப்பக் கரைச்ச தண்ணி ஒரு சொட்டு விட்டு ஊசியால லேசாக் குத்திப் பாப்பாங்க. தடிச்சா போச்சு, அந்த ஆளு அந்த ரூமுக்கு ஆகாது. எனக்கு ஒரு தடவையும் தடிச்சதில்ல. தோலு அப்படி.

மாப்ள பேரு மாதேஷ். நல்ல ஒடம்பு தம்பி அவனுக்கு. வாலிபால்ல எங்க சுத்துப்பட்டுல அவனத் தாண்டி ஒரு பந்து போகாது. நெட்டுக்கு மேல எகிறினான்னா எறங்கறதுக்கு நேரமாகும். கூலி வேலைக்கு அலையறானேன்னு நான்தான் மொதலாளிகிட்டப் பேசி உள்ள சேத்தேன். என் கைக்கு அடியில வெச்சுக்கிட்டேன். மச்சான் மச்சான்னு நெழல் மாதிரி சுத்துவான். ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல. சொன்ன வேலைய சொன்ன மாதிரி செய்வான். அந்த மாதிரி ஆளு கெடைக்கறது கஷ்டம்.

இப்ப ஆயுத பூஜைக்கு வர்றேன். எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுதுன்னு அவங்க சொல்றாங்க. எங்க கம்பெனியில பூஜ பெருசாச் செய்வோம். வாசல்ல வாழமரம் கட்டி, மெஷின் ஒண்ணொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, பூ போட்டு, பூசணிக்கா ஒடச்சு, பொரி கடல கொடுத்து ஒரே கலகலப்பா இருக்கும். மேடம் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டாங்க. போறப்ப எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க, மஞ்ச ரூம் கதவுல வெளிப்பக்கம் ஒரு பொட்டு வெச்சா போதும், உள்ள எதுவும் வேணாம்னு. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. எங்க எல்லாருக்கும் சோறு போடறதே அந்த ரூம்தான். அத இருட்டுல விட்டுட்டு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மால போடறதா? சாமி எப்படி ஏத்துக்கும்? நீங்களே சொல்லுங்க.

உள்ள போய்ப் பாத்தா தரை சுத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா பெட்டி மேல, குழா மேல, டியூப் லைட்டு மேல எல்லாம் மஞ்சளா படிஞ்சு கெடந்துச்சு. வருஷம் பூரா யாரும் அண்ணாந்து பாக்கல. பூஜைக்கு ஒட்டடை அடிக்காம வெளக்கேத்துவாங்களா? நானே கடையில போய் புதுசா பூந்தொடப்பம் வாங்கிட்டு வந்து மாதேஷ் கையில குடுத்தேன். அவன் தயங்குனான். மேடம் ஈரத்துணியிலதானே தொடைக்கச் சொன்னாங்க மச்சான்னான். வீட்ல ராதாமணி பெருக்காமலேயே தொடைக்கறாளாடா, மொதல்ல பெருக்கு, அப்புறம் தொடைன்னேன். சரின்னுட்டு ஸ்டூல் போட்டு ஏறிட்டான்.

பெருக்கும்போது மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் இருந்தான், இல்லாதத நான் சொல்ல மாட்டேன். அந்தத் தூசி கெளம்புச்சு பாருங்க, லைட்டு வெளிச்சத்துல ரூமெல்லாம் மஞ்சளா மெதந்துச்சு. கோயில்ல மஞ்சப் பொடி தூவுன மாதிரி அவ்வளவு மங்களகரமா இருந்துச்சு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. பொட்டு வெச்சோம், பூ வெச்சோம், சூடம் ஏத்துனேன். அப்ப அவன் மாஸ்க்கோட நின்னான். சாமி முன்னாடி மூஞ்சிய மூடிக்கிட்டு நிப்பியாடான்னு ஒரு வார்த்த சொன்னேன். கழட்டிட்டான். நானும் கழட்டுனேன் தம்பி, நான் மட்டும் போட்டுக்கிட்டு நிக்கல. ரெண்டு பேரும் கண்ண மூடிக் கும்பிட்டோம். பொரி சாப்பிட்டோம். உள்ள போக அனுமதி எங்க ரெண்டு பேருக்குத்தான், மத்தவங்க வெளிய நின்னே கும்பிட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது. இதுல தப்பு எங்க இருக்கு?

தீபாவளி சமயத்துல அவனுக்கு மூக்கு ஒழுக ஆரம்பிச்சுது. தும்மினா நிக்காது. கையெல்லாம் தடிப்பு தடிப்பா வந்துச்சு. பட்டாசுப் பொகைன்னு சொன்னேன். அப்புறம் மாடிப்படி ஏறினா வீசிங்கு. வேடிக்கை என்னன்னா, ஞாயித்துக்கெழம வீட்ல நல்லா இருப்பான், திங்கக்கெழம வேலைக்கு வந்தா ஆரம்பிச்சுடும். சரியான வேலக்கள்ளன்டா நீன்னு நானே கிண்டல் பண்ணியிருக்கேன். அவனும் சிரிப்பான். சிரிச்சா இருமல் வரும்.

அந்த வருஷாந்திர ஊசி வந்தப்ப அவன் கை தடிச்சுடுச்சு. பெரிய கொசு கடிச்ச மாதிரி, அவ்வளவுதான். அதப் பாத்ததும் மேடம் மூஞ்சியில ரத்தமே இல்ல. அப்பவே அவன வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க. மஞ்ச ரூம்னு இல்ல, கேட்டுக்குள்ளயே இனிமே வரக் கூடாதுன்னுட்டாங்க. நான் சண்ட போட்டேன். கொசுக்கடி அளவு தடிப்புக்கு ஒரு குடும்பஸ்தன வீட்டுக்கு அனுப்புவீங்களான்னு கேட்டேன். இன்னும் அவர் இங்க இருந்தா உசுருக்கு உத்தரவாதம் இல்லண்ணே, உங்க சொந்தக்காரர்தானே, நீங்களே யோசிச்சுப் பாருங்கன்னு சொன்னாங்க. என்னைய யோசிக்கச் சொல்றாங்க பாருங்க.

அதோட விட்டாங்களா? ஸ்டோர் ரூம்ல அந்தத் தொடப்பத்தப் பாத்துட்டாங்க. நுனியெல்லாம் மஞ்சள். யார் பெருக்கச் சொன்னதுன்னு மாதேஷுக்குப் போன் போட்டுக் கேட்டாங்க. அவன் மழுப்பிட்டான். நானாத்தான் செஞ்சேன்னும் சொல்லல, மச்சான் சொன்னாருன்னும் சொல்லல. வர்ற திங்கக்கெழம விசாரணைன்னு வெச்சிருக்காங்க, மொதலாளியே உக்காரப் போறாரு. சொன்னது யாரோ அவன் வேலைய விட்டுப் போகணும்னு பேசிக்கறாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு தம்பி. இந்த வயசுல என்னை எவன் எடுப்பான்? எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு ரூம்தான்.

அதப் பத்திப் பேசலாம்னுதான் இன்னைக்குக் காலைல ஷிப்டு முடிஞ்சதும் பஸ் ஏறுனேன். இவங்க வீடு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துல. குளிச்சிட்டுப் போனா பஸ் போயிடும்னு மேல போட்டிருந்த கோட்ட மட்டும் கழட்டிட்டு அப்படியே கெளம்பிட்டேன். உள்ள போட்டிருந்த சட்டைதான் இது. பாருங்க, அழுக்கு இருக்கா? ஒரு பொட்டு மஞ்சள் இருக்கா? மாதேஷுக்குப் புடிக்குமேன்னு மைசூர்பா வாங்கிட்டுப் போனேன்.

வாசல் கேட்டுலயே ராதாமணி என்னை நிறுத்திட்டா. அண்ணா, அங்கயே நில்லு, கொல்லையில தண்ணி வெச்சிருக்கேன், தலைக்குக் குளி, அவரு வேட்டி சட்ட தர்றேன், கட்டிக்கிட்டு உள்ள வான்னா. என் காதுல கொதிக்கற எண்ணெய ஊத்தின மாதிரி இருந்துச்சு. நான் என்ன சாவு வீட்டுக்குப் போயிட்டா வர்றேன்? அவ பொறந்தப்ப தூக்கி வளத்தவன் நான். எங்க அப்பா காலத்துல எங்கள எத்தன வாசல்ல நிக்க வெச்சிருக்காங்க தெரியுமா? டீய மேலேருந்து ஊத்துவாங்களாம், கையேந்தி வாங்கிக் குடிப்பாராம். அதெல்லாம் போச்சுன்னு நெனச்சேன். கடைசியில கூடப் பொறந்தவளே வாசல்ல நிக்க வெக்கறா. எனக்குக் கண்ணே தெரியல. அவளத் தள்ளிட்டு உள்ள போயிட்டேன்.

மாதேஷ் கட்டில்ல உக்காந்திருந்தான். எளைச்சிருந்தான், ஆனா நல்லாத்தான் இருந்தான். வாங்க மச்சான்னு எந்திரிச்சான். கொஞ்சம் பின்னால நகந்து செவுத்தோட ஒட்டிக்கிட்டான். அப்ப எனக்கு அது மரியாதையாப் பட்டுச்சு. நான் அவனக் கட்டில்ல உக்கார வெச்சு, பக்கத்துல உக்காந்து தோள்ல கை போட்டுக்கிட்டேன். வேணாம் மச்சான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எந்திரிச்சிருப்பேன். சொல்லுவானா அவன்? என்னைக்குச் சொல்லியிருக்கான்?

விஷயத்த எடுத்தேன். பாரு மாதேஷு, நீ எப்படியும் அங்க திரும்பி வரப் போறதில்ல. திங்கக்கெழம போன்லயாவது, சாமி காரியமாச்சேன்னு நானாத்தான் பெருக்குனேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. ரெண்டு பேரும் வெளிய வந்து என்ன பண்றது? ஒருத்தனாவது உள்ள இருந்தாத்தானே உன் குடும்பத்தையும் நான் பாக்க முடியும்? இப்படித்தான் கேட்டேன். ஞாயமாத்தானே இருக்கு? அவன் தானா செஞ்சான்னு ஆயிட்டா அவனுக்குக் கெடைக்க வேண்டிய நஷ்டஈடு கெடைக்காதுன்னு ராதாமணி கதவுக்கிட்ட நின்னு கத்தறா. நான் அவ பேச்சக் காதுலயே வாங்கல.

தொடப்பம்னு நான் சொன்னதும் இருமினான். நழுவப் பாக்கறான்னு நெனச்சேன், நெசமாத்தான் சொல்றேன். தும்மல் வந்துச்சு, கண்ணு செவந்துச்சு. சரின்னு சொல்லு, இல்லன்னு சொல்லு, எதுக்கு இருமறன்னு தோளப் புடிச்சு உலுக்குனேன். அப்புறம் அவன் தொண்டையில விசிலு மாதிரி ஒரு சத்தம். வாயத் தொறந்து தொறந்து மூடறான், காத்து உள்ள போகவே இல்ல. ஒதடு நீலமா மாறுச்சு. ராதாமணி அலறிட்டா. பக்கத்து வீட்டு ஆட்டோவுல தூக்கிப் போட்டோம்.

ஆட்டோவுல நான்தான் அவன மடியில வெச்சுக்கிட்டேன். தல சாய்ஞ்சு சாய்ஞ்சு போச்சு, அதனால என் மார்ல அணைச்சு இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். மூஞ்சி இங்க, இந்தச் சட்ட மேல. என் புள்ளைக்குக் கூட நான் அப்படி அழுததில்ல தம்பி. ஒண்ணுமில்லடா, மச்சான் இருக்கேன்டான்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அவன் கையால என் நெஞ்சத் தள்ளுனான். வலியில தள்ளறான்னு இன்னும் இறுக்கிக்கிட்டேன். ராதாமணி முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்து, விடுண்ணா, அவர விடுண்ணான்னு அழுதுக்கிட்டே வந்தா. எப்படி விடறது? விட்டா கீழ விழுந்துடுவானே.

இங்க வாசல்ல ரெண்டு பேரு வந்து என் கையிலேருந்து அவனப் பிரிச்சு ஸ்ட்ரெச்சர்ல போட்டாங்க. போட்ட உடனே ஒரு மூச்சு வந்துச்சு. நான் பாத்தேன். வெளிக்காத்து பட்டிருக்கும். அப்புறம் உள்ள கொண்டு போய் மருந்துப் பொகை வெச்சாங்க, கொஞ்சம் தெளிஞ்சான். நான் கட்டில்கிட்டப் போய்த் தலையத் தடவிக் குடுத்தேன். திரும்ப அந்த விசில் சத்தம். அப்பதான் ராதாமணி என் கையப் புடிச்சுத் தள்ளிட்டு, தொடாதண்ணா, நீ தொட்டாத்தான்னு என்னமோ சொல்ல வந்து முடிக்காம அழுதா. அதுக்கப்புறம் நடந்ததத்தான் நீங்களே பாத்தீங்களே.

டாக்டர் வெளிய வந்து எங்கிட்டக் கேட்டாரு. எந்தக் கம்பெனி, என்ன கெமிக்கல், பேரு தெரிஞ்சா சொல்லுங்க, எதனாலன்னு தெரிஞ்சா அத அவர் பக்கம் வராமப் பாத்துக்கலாம்னாரு. நல்ல மனுஷன். நான் என்னமோ தூசி சார்னு சொல்லிட்டேன். என்ன தூசின்னாரு. சாதாரணத் தூசி சார், சின்ன வயசுலேருந்தே கொஞ்சம் வீசிங் உண்டுன்னேன். நெட்டுக்கு மேல எகிறினவனுக்கு வீசிங்னு சொன்னேன். என்ன செய்யறது, டாக்டர் அத எழுதிட்டார்னா அது கம்பெனிக்குப் போகும், அங்கேருந்து விசாரணைக்குப் போகும். கேஸ் ஷீட்டுல அந்தப் பேரு ஏறிடுச்சுன்னா என் கத முடிஞ்சுது. அவரு நம்பல, என் சட்டையவே பாத்துட்டு உள்ள போயிட்டாரு.

இருங்க, நர்ஸ் யாரையோ கூப்புடுது. என்னம்மா? ஆமாம், நஞ்சப்பன் நான்தான்.

கேட்டீங்களா தம்பி? அவன் என்னைக் கூப்புடறானாம். மச்சான் எங்க, மச்சான வரச் சொல்லுங்கன்னு மாஸ்க்க வெலக்கிட்டு வெலக்கிட்டுச் சொல்றானாம். பொண்டாட்டி வேணாங்கறா, அவன் கேக்க மாட்டேங்கறான், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயிடுங்கன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போவுது. எதுக்குக் கூப்புடறான்னு எனக்குத் தெரியும். அவனப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லத்தான். சரி மச்சான், நானாத்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன், நீங்க கவலப்படாதீங்க, இதச் சொல்லத்தான் கூப்புடறான். நான் காலைல கெளம்பி வந்ததே அந்த ஒரு வார்த்தைக்குத்தான். நாலு எட்டு வெச்சா கெடச்சுடும்.

போறேன். போகணும்.

கதவுக் கண்ணாடியில பாருங்க, இங்கேருந்தே தெரியுது. நெஞ்சு ஏறி எறங்குது பாருங்க, சீரா. அந்த விசில் சத்தம் இல்ல. நான் வெளிய வந்ததுலேருந்து அப்படித்தான் இருக்கான். நானும் அதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன், உங்ககிட்டப் பேசறப்பவும் கண்ணு அங்கதான்.

இல்ல தம்பி, நான் போகல. எனக்கு முட்டி வலி, சட்டுனு எந்திரிக்க முடியல. நீங்க எப்படியும் அம்மாவப் பாக்க உள்ள போவீங்கல்ல, எனக்காக ஒண்ணு செய்யுங்க. அந்த டாக்டர் பக்கத்துல போய், அது அமோனியம் குளோரோபிளாட்டினேட்னு சொல்லுங்க. கஷ்டமா இருக்கா? அமோனியம். குளோரோ. பிளாட்டினேட். இன்னொரு தடவ சொல்லிப் பாருங்க. ஆங், அதேதான். பிளாட்டினத்தோட உப்புன்னாலும் அவருக்குப் புரியும். துணியில ஒட்டியிருக்கறது கூட அவனுக்கு ஆகாதுன்னு சேத்துச் சொல்லுங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டா, வெளிய உக்காந்திருக்கற அவரோட மச்சான் சொன்னாருன்னு சொல்லுங்க. எழுதிக்கட்டும். எந்தக் கம்பெனின்னு அப்புறம் நானே சொல்றேன்.

மாதேஷ் வாயத் தொறந்து ஏதாவது சொல்ல வந்தான்னா, ஒண்ணும் சொல்ல வேணாம்னு மச்சான் சொன்னாருன்னு சொல்லுங்க. திங்கக்கெழமையும் ஒண்ணும் சொல்ல வேணாம். மூச்ச வீணாக்கிக்க வேணாம். அவன் கேப்பான். நான் சொன்னா கேப்பான்.

தம்பி, ஒரு நிமிஷம் நில்லுங்க. இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தோமே, உங்க மேல எங்கயாவது என் கை பட்டுச்சா? நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. பட்டிருந்தா, அந்த எடத்த நல்லாக் கழுவிட்டு உள்ள போங்க.